குப்பை வண்டி பாடும் ஊரில் குடித்தனம்

"கணவருக்குத் தைபேயில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் நானும் போகிறேன். எனக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை, சீன மொழி ஒரு எழுத்துத் தெரியாது, போதாக்குறைக்குச் சைவம். பகலெல்லாம் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டியதுதானா? கையோடு என்னென்ன கொண்டு போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே மூன்று பயங்களோடுதான் 2019 ஆகஸ்டில் தைவான் தலைநகரான அந்த ஊரில் போய் இறங்கினேன். ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்தோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் முதலில் பிடிபடப் போவது உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. அவருக்கு ஒரு மெட்ரோ ரயில், ஒரு லிஃப்ட், ஒரு கேன்டீன் தெரிந்திருக்கும். குப்பை, காய்கறி, மருந்து, மழை எல்லாம் உங்கள் பக்கம் வரும். இரவில் சாப்பிடும்போது "இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சே?" என்று அவர் கேட்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இருவர் பெயரிலும் கோடு போட்டுக் கணக்கு வைத்தோம். என் பக்கம் எப்போதும் நீளம். தைபே 101 கோபுரம், இரவுச் சந்தை, பபிள் டீ எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும் என்பதால், அந்த நோட்டில் இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன முதல் வாரம் தினமும் இரவு ஏழு மணி சுமாருக்குத் தெருவில் ஒரு பாட்டு. நம் ஊரில் கார் பின்னால் வரும்போது அடிக்குமே, அதே பாட்டு. பெய்த்தோவனின் 'ஃப்யூர் எலீஸ்'. யாரோ ஒருவர் தினமும் அதே நேரத்துக்கு லாரியை ரிவர்ஸ் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், கைலி மாதிரி அரைக்கால் சட்டையோடும் செருப்போடும் தெருவே கூடி நிற்கிறது, எல்லார் கையிலும் பை. மஞ்சள் நிறக் குப்பை வண்டி.

தைபேயில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. வண்டி வரும் நேரத்தில் நீங்களே கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் சில நிமிடம்தான் நிற்கும். புதனும் ஞாயிறும் வராது. சாதாரணக் குப்பையை எந்தப் பையிலும் கட்டிப் போட முடியாது, நகராட்சியின் நீலப் பைதான். கடைகளில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பையின் விலையிலேயே குப்பை வரி அடக்கம். 2000-ம் ஆண்டு ஜூலைக்கு முன் இந்த வரியைத் தண்ணீர் பில்லோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார்களாம். எவ்வளவு குப்பை போட்டாலும் ஒரே கட்டணம் என்றால் யார் குறைப்பார்கள்? பைக்குக் காசு என்றானதும் எல்லாருக்கும் கணக்கு வந்துவிட்டது. மறுசுழற்சிக்குப் போகிற பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே பிரிக்கப் பிரிக்க உங்களுக்கு லாபம்.

பிரிப்பதுதான் பெரிய பாடம். எங்கள் வட்டாரத்தில் திங்களும் வெள்ளியும் காகிதம், பழந்துணி மாதிரித் தட்டையானவை. செவ்வாய், வியாழன், சனியில் பாட்டில், டப்பா, தகரம். உணவுக் கழிவு தனி. அதிலும் இரண்டு வாளி. சமைத்தது பன்றித் தீவனத்துக்கு, சமைக்காத தோல் துண்டெல்லாம் எருவுக்கு. நாங்கள் இருந்த காலத்து ஏற்பாடு இது. நீங்கள் போனதும் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் போட்ட புளிச்சக்கை எதில் சேர்த்தி? நான் வாளிக்கு முன் நின்று யோசிப்பதைப் பார்த்து ஒரு பாட்டி என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துவிட்டு எரு வாளியில் போட்டார். அடுத்த வாரம் தேங்காய்ச் சிரட்டை. இந்தோனேசியக் கடையில் முற்றிய தேங்காய் கிடைத்த சந்தோஷத்தில் உடைத்துவிட்டேன், மூடியை எங்கே போடுவது? இதற்கு நாலு பெண்கள் கூடி விவாதித்தார்கள். பன்றியும் தின்னாது, மக்கவும் மாட்டாது, ஆகவே காசு கொடுத்து வாங்கிய நீலப் பைதான் என்று தீர்ப்பானது.

தனிமை என்று பயப்படுகிறீர்களே, அதற்கு இந்தக் குப்பை முனையை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள், ஒரே நேரம், ஒரே பத்துப் பதினைந்து முகங்கள். வண்டி வரும்வரை பேச்சு. ஒரு யோசனை: காவலாளியும் லிஃப்டும் உள்ள புதிய அடுக்குமாடிகளில் குப்பைக்கென்று தனி அறை இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போடலாம். வசதிதான். ஆனால் எங்களைப் போலப் பழைய, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் குடியிருந்திருக்காவிட்டால் நான் அந்தத் தெருவில் ஒருவரையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். இன்னொன்று, தரைத்தளத்தையே அவர்கள் ஒன்று என்று எண்ணுவார்கள். நாலாவது மாடி என்றால் மூன்று மாடி ஏறினால் போதும்.

அந்தப் பாட்டிதான் எனக்கு இரண்டாவது பெரிய விஷயத்தையும் சொல்லிக்கொடுத்தார். காகிதப் பையைக் கவிழ்க்கப் போனவளைத் தடுத்து, உள்ளே கையை விட்டு என் கடை ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். திட்டுகிறார் என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், தைவானில் கடை ரசீது ஒவ்வொன்றும் ஒரு லாட்டரிச் சீட்டு! தலையில் இரண்டு எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஒற்றைப்படை மாதத்தின் 25-ம் தேதி குலுக்கல். முதல் பரிசு எண்களில் ஒன்றோடு கடைசி மூன்று இலக்கம் பொருந்தினால் 200 தைவான் டாலர். உச்சப் பரிசு ஒரு கோடி டாலர். 1951-ல் தொடங்கிய ஏற்பாடு. கடைக்காரர்கள் விற்பனையை மறைத்து வரி ஏய்க்காமலிருக்க, வாங்குகிறவர்களே "ரசீது கொடு" என்று கேட்கும்படி செய்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வேலையை இலவசமாகப் பொதுஜனம் பார்க்கிறது. வெளிநாட்டவருக்கும் பரிசு உண்டு. நாங்கள் அதுவரை எத்தனை ரசீதைக் கிழித்துப் போட்டோம் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஐந்து வருஷத்தில் ஆறு தடவை இருநூறு விழுந்தது. கைப்பேசியில் பார்கோடு வைத்துக்கொண்டால் ரசீது தானாகச் சேர்ந்துவிடும், பரிசையும் அதுவே பார்த்துச் சொல்லும். ஆனால் 25-ம் தேதி ராத்திரி காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் எண் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. நான் கடைசிவரை காகிதம்தான்.

சரி, மொழிக்கு வருகிறேன். அங்கே பேசுகிற சீன மொழியான மாண்டரினில் தொனி மாறினால் பொருள் மாறும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது எவ்வளவு வில்லங்கம் என்பது காய்கறிச் சந்தையில் தெரியும். 'மாய்' என்பதைக் கீழே இறக்கி ஏற்றினால் வாங்குவது, வெட்டினாற்போல் இறக்கினால் விற்பது. ஒரு மாதம் நான் "தக்காளி விற்கிறேன்" என்று சொல்லித்தான் தக்காளி வாங்கியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, தக்காளியும் கிடைத்தது.

தமிழர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அது வகுப்புக்குப் போனபிறகுதான் புரிந்தது. அவர்களுக்குப் ப, த, க எல்லாம் இரண்டு வகை. ஒன்று நம்முடையது போலச் சாதாரணமாக வரும், மற்றொன்று மூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். நம் மொழியில் அந்த மூச்சே கிடையாது. அதனால் 'முயல்' என்று சொல்ல நினைத்தால் 'வயிறு' என்றுதான் நம் வாயில் வரும். இரண்டுக்கும் அந்த மூச்சு மட்டுமே வித்தியாசம். வாய்க்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைத் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆடினால் முயல், ஆடாவிட்டால் வயிறு. நான் மாதக்கணக்கில் ஒரு ரசீதை (பரிசு விழாதது) மூக்குக்கு முன் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தேன்.

அதே சமயம் நமக்கு எளிதாக வருவதும் உண்டு. வகுப்பில் டீச்சர் உறவுப் பெயர்களை எழுதிப்போட்டபோது ஐரோப்பியப் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்கு ஒன்று, அப்பாவின் அண்ணனுக்கு ஒன்று, அப்பாவின் தம்பிக்கு இன்னொன்று. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மாமா, பெரியப்பா, சித்தப்பா, முடிந்தது கதை. அப்புறம் கீழ் வீட்டுக்காரம்மா படியில் பார்க்கும்போதெல்லாம், மாண்டரினில் இல்லை, அங்கத்தைய இன்னொரு பேச்சு மொழியான தைவானியத்தில் ஒன்று கேட்பார். என்ன அர்த்தம் என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. "சாப்பிட்டாச்சா?" பழைய தலைமுறைக்கு அதுதான் வணக்கம். நான் அதுவரை சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறேன், பாவம், இந்தப் பெண் சாப்பிட்டதா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. நம் தலையாட்டல் அங்கே ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

சைவத்தைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். ஆசியாவில் பல ஊர்களில் சைவர்களுக்குத் திண்டாட்டம்தான், தைபே அதில் சேராது. அங்கே பௌத்தர்களும் பல மதக்குழுக்களைச் சேர்ந்தவர்களும் முழுச் சைவமாகவே இருக்கிறார்கள். கடைப் பலகையில் நம் ஸ்வஸ்திகம் தெரிந்தால் பெரும்பாலும் சைவ உணவகம். 'சூ' என்ற எழுத்தை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சைவம் என்பதற்கான எழுத்து அதுதான். தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு எடை போட்டுக் காசு கொடுக்கிற கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சோயாவில் மீன் மாதிரி, கோழி மாதிரி, இறால் மாதிரி செய்து வைத்திருப்பார்கள். எனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவளுக்கு எதற்கு இறால் உருவம்? சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கீரை பிரமாதமாக இருக்கும், தண்டுக்கீரை கிடைக்கும், வெண்டைக்காய் கிடைக்கும். பாகற்காய் வெள்ளை வெளேரென்று இருக்கும், முதல் தடவை கெட்டுப்போனது என்று நினைத்து விட்டுவிட்டு வந்தேன். சின்ன வெங்காயமும் தாராளமாகக் கிடைக்கும், அவர்களும் அதைப் பொரித்துச் சாதத்தின்மேல் போட்டுக்கொள்கிறவர்கள்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் பூண்டும் வெங்காயமும் கிடையாது. விலக்க வேண்டிய காரமான பொருள்கள் ஐந்து என்று பௌத்த நூலில் பட்டியலே இருக்கிறது. அதில் நாலு வெங்காயம், பூண்டு வகைகள். ஐந்தாவதைச் 'சிங்சூ' என்பார்கள். சீனாவின் பெரும்பகுதியில் விளையாத பொருள் என்பதால் அது என்னவென்று அங்கே பலருக்குத் தெரியாது. எனக்கு மொழி சொல்லிக்கொடுத்த அம்மாள் சைவம். அவருக்குக்கூட அது ஏதோ ஒரு கீரை என்றுதான் எண்ணம். அகராதியில் தேடினால், சமஸ்கிருத 'ஹிங்கு'. நம் பெருங்காயம்! பூண்டு வெங்காயம் சேர்க்காத நம் வீடுகளில் அதற்குப் பதிலாகவே பெருங்காயம் போடுகிறோம், அவர்கள் அதையும் சேர்த்து விலக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்தே இராத ஒரு பொருளை இத்தனை நூற்றாண்டாகப் பட்டியலில் பத்திரமாக வைத்துத் தவிர்த்து வருகிறார்கள். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒரு முறை முகர்ந்தார், மூடினார். பட்டியலில் இருப்பது சரிதான் என்றார்.

சைவக் கடைகளில் மாதத்தில் இரண்டு நாள் உட்கார இடமிருக்காது. ஏனென்று தெரியாமல் பல தடவை திரும்பி வந்திருக்கிறேன். அவர்களது சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவை. அதாவது நம் அமாவாசையும் பௌர்ணமியும், சில சமயம் ஒரு நாள் முன்பின். வீட்டில் நம் தினசரிக் காலண்டர் தொங்கினால் போதும், எந்த நாள் கடைக்குப் போகக் கூடாது என்று அதுவே சொல்லிவிடும்.

காலண்டர் என்றதும் இன்னொன்று. முதல் முறை மருந்துக் கவரில் தேதியைப் பார்த்தேன், ஆண்டு 108 என்று போட்டிருந்தது. அர்ச்சனைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தோம். சீனக் குடியரசு தொடங்கிய 1912-ஐ முதலாம் ஆண்டாக வைத்து எண்ணுகிறார்கள். 2019 அவர்களுக்கு 108. அரசுப் படிவம், மருத்துவமனைச் சீட்டு, சில உணவுப் பொட்டலம் எல்லாவற்றிலும் இந்த ஆண்டு வரும். 1911-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் ஆண்டு போட்ட பழைய பத்திரத்தைப் படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அறுபது வருஷச் சக்கரமும் அவர்களிடம் உண்டு. இப்போதைய சுற்று அவர்களுக்கு 1984-ல் தொடங்கியது, நம் பிரபவ 1987-ல். மூன்று வருஷ வித்தியாசத்தில் யார் முந்தினார்கள் என்று எங்கள் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.

நாங்கள் வீடு மாறிய கதையும் இந்தக் காலண்டரில்தான் மாட்டியது. ஆகஸ்ட் முதல் வாரம் குடியேறுகிறோம் என்றதும் அம்மா போனில் கத்தினார், "ஆடி மாசத்துல யாராவது புது வீடு போவாங்களாடி?" கம்பெனி கொடுத்த தேதி, என்ன செய்ய? சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரம்மாவும் அதே முகத்தோடு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்தால், "இந்த மாதத்திலா வீடு மாறுவீர்கள்?" அவர்களது ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம். பாதாளக் கதவு திறந்து ஆவிகள் பூமியில் உலவுகிற காலம் என்று கல்யாணம் செய்ய மாட்டார்கள், வண்டி வாங்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். அந்த வருஷம் அது ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது. மாத நடுவில் கடை வாசல்களில் மேசை போட்டுப் பழம், பிஸ்கட், பானம் எல்லாம் அடுக்கி, ஊதுவத்தி ஏற்றி, காகிதப் பணம் எரிப்பார்கள். வாசலைக் கடக்கும்போது அந்த மேசையிலிருந்து எதையும் தொட்டுவிடாதீர்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டு பால் காய்ச்சிய ஆட்கள் நாங்கள்தான்.

என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த ஒரே பெரிய விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். அவர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சர்வர் அறையில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் இருந்ததாம். பசியில் ஒன்றைப் பிரிக்கப் போயிருக்கிறார், கூட இருந்தவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். 'குவாய் குவாய்' என்பது அதன் பெயர். சமர்த்தாக இரு என்று பொருள். 1968-லிருந்து விற்கிற சோளப் பொரி. மெஷின் மக்கர் செய்யாமல் இருக்க அதன்மேல் வைப்பார்கள். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், மற்ற நிறம் ஆகாது. காலாவதித் தேதி தாண்டவும் கூடாது. இதை நம்புகிறவர்கள் பெரிய பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்கள். இவர் மட்டும் அசரவில்லை. ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி படைத்த வீட்டில் வளர்ந்தவர், அவருக்கு இது வருஷம் முழுக்க நடக்கிற ஆயுத பூஜை. பச்சைப் பொட்டலம் தேங்காய்ப் பால் ருசி என்பதையும் பிறகு வீட்டில் பிரித்துத் தின்று உறுதி செய்தோம்.

அதே மனிதர் ஒரு கடையில் '8' என்று எழுதிய தள்ளுபடி அட்டையைப் பார்த்து, எட்டு சதவீதம்தானே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தவர். அங்கே கழிவைச் சொல்வதில்லை, கொடுக்க வேண்டியதைச் சொல்வார்கள். எட்டு என்றால் பத்தில் எட்டுப் பங்கு கொடுத்தால் போதும், இருபது சதவீதம் தள்ளுபடி. 75 என்றால் நூற்றில் எழுபத்தைந்து பங்கு, இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி. கொடுக்க வேண்டிய பங்கு சின்னதாக ஆக ஆக ஓடிப்போய் வாங்குங்கள்.

சந்தையில் எடையும் வேறு. விலை எழுதியிருப்பது கிலோவுக்கு அல்ல, 'ஜின்' என்பதற்கு. ஒரு ஜின் 600 கிராம். வீட்டின் பரப்பு 'பிங்' கணக்கு, ஒரு பிங் ஏறக்குறைய 35 சதுர அடி. இருபது பிங் என்றால் எழுநூறு சதுர அடி என்று மகிழ்ந்துவிடாதீர்கள், பொது நடைபாதையில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கலாம். திங்கட்கிழமை பெரும்பாலான காய்கறிச் சந்தைகள் விடுமுறை. நாலைந்து வாரம் ஒரே கடையில் வாங்கிப் பாருங்கள், கேட்காமலே பையில் ஒரு பிடி வெங்காயத்தாள் விழும். கொசுறு! நம்மூரில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, அங்கே வெங்காயத்தாள். முதல் தடவை விழுந்த அன்று, இனி இந்த ஊரில் காலம் தள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

நான் கும்பகோணத்துக்காரி, அதனால் வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் பாக்குப் போடுகிறார்கள், ஆனால் பச்சைப் பிஞ்சுப் பாக்கு, சுண்ணாம்பு தடவி வெற்றிலையில் சுற்றியது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் கண்ணாடிப் பெட்டி மாதிரிக் கடைகளில் விளக்கு மினுங்க விற்பார்கள். லாரி ஓட்டுநர்களின் பழக்கம் என்று நகரத்தார் கொஞ்சம் தாழ்வாகத்தான் பார்ப்பார்கள், வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதால் அரசும் விடச் சொல்கிறது. வரலட்சுமி நோன்புக்குத் தாம்பூலம் வேண்டுமே என்று அப்படி ஒரு கடையில் போய், பாக்கு வேண்டாம், இலை மட்டும் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காசு வாங்காமல் பத்து இலை கொடுத்தார். நம் கொழுந்து வெற்றிலையின் மென்மை இல்லை, ஆனாலும் வெற்றிலைதான்.

உடம்புக்கு வந்தால் என்ன என்பதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். 1995-லிருந்து அங்கே எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு. உங்கள் கணவருக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே கிடைக்கும். உங்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்கியபிறகுதான். அந்த ஆறு மாதத்துக்கு இங்கிருந்தே ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வந்தபின் கவலையே இல்லை. தெருமுனை கிளினிக்குகள் பல இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். நாங்கள் இருந்த காலத்தில் ஏறக்குறைய 200 தைவான் டாலருக்குள் டாக்டர், மருந்து எல்லாம் முடிந்துவிட்டது. மாத்திரைகளை வேளைக்கு வேளை தனித்தனிச் சிறு உறையில் போட்டுத் தருவார்கள். நாடி பிடிக்கிற சீன வைத்தியரும் அதே அட்டையில் உண்டு. என் அட்டை 2020 பிப்ரவரியில் வந்தது, வந்த கையோடு முகக்கவச ரேஷன். ஆளுக்கு வாரம் இரண்டு, ஒன்று ஐந்து டாலர், அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்துக் கிழமை. அவர் ஒற்றை, நான் இரட்டை. மருந்துக்கடை வரிசையில்கூடச் சேர்ந்து நிற்க முடியாமல் போயிற்று.

மழையைச் சொல்லி முடிக்க முடியாது. தைபே மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் மாதிரி. குளிர்காலம் முழுக்க நசநசவென்று தூறல், ஈரம் வெளியே போக வழியில்லை. டிகிரி பார்த்தால் பதினைந்து இருக்கும், ஆனால் வீட்டில் ஹீட்டர் கிடையாது, எலும்பு வரை குளிரும். முதல் வருஷம் டிசம்பரில் பீரோவைத் திறந்தால் என் கூறைப்புடவையில் வெள்ளைப் பூஞ்சை. உட்கார்ந்து அழுதேன். அன்று சாயங்காலமே ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கிவந்தோம். ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர், இத்தனையும் இதுவரை நாம் மூச்சு விட்ட காற்றிலா இருந்தது என்று தோன்றும். அந்த மெஷின் பின்பக்கம் வெதுவெதுப்பாகக் காற்று விடும். இட்லி மாவுப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைத்தால் குளிரிலும் பொங்கும். இது என் கண்டுபிடிப்பு, நோட்டில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

புயல் என்றால் முந்தின நாள் இரவு நகர நிர்வாகம் விடுமுறை அறிவிக்கும். போன இரண்டாவது வாரமே ஒன்று வந்தது. நாங்கள் மெழுகுவத்தி வாங்கி வைத்துக் கதவடைத்து உட்கார்ந்திருந்தோம். அறிவிப்பு வந்ததும் கடைகளில் கீரையும் நூடுல்ஸும் காலியாகும் என்பதை அப்போது பார்த்தோம். புயல் அவ்வளவு பலமில்லை என்றால் மறுநாள் சினிமாவுக்குக் கூட்டம் போகும் என்பதையும் பிறகு பார்த்தோம். நிலநடுக்கம் பழகிவிடும் என்பார்கள், எனக்குப் பழகவில்லை. 2024 ஏப்ரல் 3 காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்த பெரியது, ஹுவாலியென் பக்கம் மையம், எங்கள் வீட்டில் சாமி அலமாரியைக் கவிழ்த்தது. பீரோ, அலமாரி எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள்.

இனி மூட்டை. மிக்ஸி கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 110 வோல்ட். நம் மிக்ஸியைப் போட்டால் முனகும், சுற்றாது. நாங்கள் அதற்காக ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினோம், மிக்ஸியைவிட அது கனம். கட்டாயம் வேண்டுமென்றால் அமெரிக்கா போகிறவர்களுக்கு விற்கும் 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் நம் ஊரிலேயே கிடைக்கும். தைவானுக்கும் அதே வோல்ட், அதே தட்டைக்கால் பிளக். குக்கர் வாங்குவதற்கு முன் 'தாத்தோங்' பானையைப் பாருங்கள். 1960-லிருந்து அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற மின்சாரப் பானை. வெளிப்பானையில் தண்ணீர் ஊற்றி, உள்ளே பாத்திரத்தை வைத்துக் குமிழை அமுக்க வேண்டும், தண்ணீர் வற்றியதும் டக்கென்று தானே அணைந்துவிடும். அதாவது அது ஒரு இட்லிப் பானை, அவர்களுக்குத்தான் தெரியாது. ஆகவே உள்ளே அடங்குகிற மாதிரி நாலு குழித் தட்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்தும் துவரம்பருப்பும் இந்தியக் கடைகளில் கிடைக்கும். கறிவேப்பிலைதான் கஷ்டம், தைவான் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் யார் வீட்டுத் தொட்டியில் செடி இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். பட்டுப்புடவை ஒன்றுக்கு மேல் வேண்டாம். பெருங்காயம் மட்டும் பெரிய டப்பாவாக, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி எடுத்துப் போங்கள். என் பெட்டியில் அது திறந்துகொண்டு, அவருடைய கோட்டு அடுத்த தீபாவளி வரை ரசம் மாதிரி மணத்தது.